அளந்து எழுதிக் கொடுங்கள்: வீட்டு வயரிங் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன்களுக்கும், அந்த வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

டிபி பாக்ஸுக்குள் (மின்சாரத்தை வீட்டுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிக்குள்) எதை மாட்டுவது, எதை விடுவது என்று உங்களுக்குள் ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். "எம்சிபியும் நல்ல எர்த்தும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் வியாபாரம்" என்பது ஒரு கட்சி. எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச். "ஆர்சிசிபி போட்டாச்சு, இனிமேல் ஷாக்கே அடிக்காது" என்பது இன்னொரு கட்சி. ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி. ஆர்க்கை (மின்பொறியை) கண்டுபிடிக்கும் கருவி, சர்ஜை (திடீர் வோல்டேஜ் எகிறலை) தடுக்கும் கருவி என்று புதிதாக எது வந்தாலும் மாட்டச் சொல்லும் மூன்றாவது கட்சியும் உண்டு. மூன்று பக்கமும் கை பழகிய அனுபவசாலிகள் இருக்கிறீர்கள். ஆனால் யார் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: "இத்தனை வருஷமா இப்படித்தான் செய்றேன், ஒண்ணும் ஆகலை."

ஒன்றும் ஆகவில்லை என்றால் கருவி சரியாக வேலை செய்திருக்கலாம். அல்லது அதற்கு வேலையே வராமல் இருந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வீட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலையை முடித்து ஒப்படைக்கும்போது, அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எர்த்தின் தடை எவ்வளவு, ஆர்சிசிபி எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது (அதாவது துண்டித்தது), வயரின் இன்சுலேஷன் எவ்வளவு, எந்தக் கோளாறும் இல்லாதபோதே எவ்வளவு கசிகிறது. இந்தத் தாள் கையில் இருந்தால் உங்கள் வாக்குவாதத்தில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் எம்சிபி. அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1924-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து அதன் வேலை மாறவில்லை: வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. லோடு கொஞ்சம் கூடினால் உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை மெல்ல வளைந்து ட்ரிப் செய்யும். ஷார்ட் ஆனால் காந்தச் சுருள் உடனே இழுத்துவிடும். பட்டை எவ்வளவு மெல்ல வளையும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வீட்டு எம்சிபிக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60898. அதன்படி, குறித்த மதிப்பைப் போல 1.13 மடங்கு கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினாலும் எம்சிபி விழக் கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 16 ஆம்பியர் எம்சிபியில் 23.2 ஆம்பியர் ஓடினாலும் அதற்கு ஒரு மணி நேர அவகாசம் இருக்கிறது. காந்தச் சுருள் உடனே இழுக்க சி வகையில் 5 முதல் 10 மடங்கு வேண்டும். 16 ஆம்பியருக்கு 160 ஆம்பியர் வந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

இப்போது ஒருவர் 230 வோல்ட் பேஸைத் தொட்டுவிடுகிறார். உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தில் அது இன்னும் இறங்கும். உடம்பில் ஓடுவது 230 மில்லியாம்பியர். கால் ஆம்பியர்கூட இல்லை. ஐம்பது வாட் பல்பு ஒன்று எரிந்தால் எவ்வளவோ அவ்வளவுதான். எம்சிபி அதைக் கவனிக்கவே கவனிக்காது, கவனிக்க வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவும் இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு அதில் பாதி கரண்ட் ஓரிரு நொடி ஓடினாலே போதும். ஆகவே ஆள் தொட்டால் எம்சிபி காப்பாற்றும் என்ற பேச்சு முதல் கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது.

"அதற்குத்தான் எர்த் இருக்கிறதே" என்பீர்கள். ஹீட்டரின் இரும்பு உடம்பில் பேஸ் பட்டால் கரண்ட் எர்த் வழியாகப் பாயும், எம்சிபி விழும், ஆள் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். நல்ல வாதம்தான். ஆனால் அது எந்த எர்த்தைப் பற்றிய வாதம்?

மின்சாரம் கொடுப்பவரே எர்த் தொடர்பையும் உலோகக் கம்பி வழியாகக் கொடுத்திருந்தால் கோளாறுக் கரண்ட் திரும்பிப் போக நல்ல பாதை இருக்கும். அப்போதும் சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ அந்தப் பாதையின் மொத்தத் தடை 230-ஐ 160-ஆல் வகுத்தால் வரும் 1.44 ஓமுக்குள் இருந்தாக வேண்டும். வீட்டின் கடைசி சாக்கெட்டில் அது எவ்வளவு என்று லூப் டெஸ்டர் வைத்துப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

வீட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்டிக் கம்பி புதைத்த எர்த் என்றால் கணக்கு இன்னும் மோசம். நன்றாகப் புதைத்து, ஈரமும் இருந்து, 10 ஓம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பலரும் அதை நல்ல எர்த் என்றுதான் சொல்வார்கள். ஹீட்டர் உடம்பில் பேஸ் பட்டால் 230-ஐ 10-ஆல் வகுத்து 23 ஆம்பியர் ஓடும். மேலே சொன்ன 23.2 ஆம்பியரைத் திரும்பப் பாருங்கள். 16 ஆம்பியர் எம்சிபி ஒரு மணி நேரத்திலும் விழ வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த நேரம் முழுக்க ஹீட்டரின் உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்டேஜில் நிற்கும், எர்த் கம்பியைச் சுற்றியுள்ள மண் அதன்பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருக்கும். நல்ல எர்த்தும் எம்சிபியும் போதும் என்ற கட்சி இந்த ஒரு வகுத்தலுக்குப் பதில் சொல்லட்டும், பிறகு மற்றதைப் பேசலாம்.

இந்த இடத்தில்தான் ஆர்சிசிபி வருகிறது. 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபினும், ஆஸ்திரியாவில் கோட்ஃப்ரீட் பீகல்மையரும், 1961-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் சார்ல்ஸ் டால்சியலும் தனித்தனியாக வந்து சேர்ந்த யோசனை அது. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார். வரவில்லை என்றால் துண்டித்துவிடு. மிச்சம் எர்த்துக்குப் போனதா, ஆள் உடம்பு வழியாகப் போனதா என்று அது கேட்பதில்லை. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருந்தால், எர்த் எலெக்ட்ரோடின் தடை 1,667 ஓம் வரை போனாலும் சாதனத்தின் உடம்பில் பாதுகாப்பு எல்லையான 50 வோல்ட்டுக்கு மேல் நிற்காது. 50-ஐ 0.03-ஆல் வகுத்துப் பாருங்கள். எம்சிபிக்கு 10 ஓம் எர்த் போதாத அதே வீட்டில், ஆர்சிசிபிக்கு அதைவிட நூறு மடங்கு மோசமான எர்த் போதும். அதற்காக மோசமாகப் புதைக்கச் சொல்லவில்லை. கோடையில் மண் காய்ந்தால் எந்த எர்த்தும் கெடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இரண்டாவது கட்சிக்கு வருவோம். ஆர்சிசிபி இருந்தால் ஷாக்கே அடிக்காது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அடிக்கும். அந்தக் கருவி கரண்டைக் குறைப்பதில்லை, கரண்ட் ஓடும் நேரத்தைத்தான் குறைக்கிறது. மேலே பார்த்த 230 மில்லியாம்பியர் அப்படியே உடம்பில் ஓடும், ஆனால் 40 மில்லிசெகண்டுக்குள் நின்றுவிடும். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தின் ஒரு துடிப்பில் அது இருபதில் ஒரு பங்கு. கரண்ட் ஒரு துடிப்பின் நேரத்தைவிடக் குறைவாக ஓடும்போது இதயம் தாங்கும் அளவு பல மடங்கு கூடுகிறது. ஆர்சிசிபியின் பலன் முழுக்க இந்த ஒன்றில் இருக்கிறது. ஆகவே 40-க்குப் பதில் 400 மில்லிசெகண்டில் விழும் கருவியை மாட்டியிருந்தால், பார்க்க ஆர்சிசிபி மாதிரி இருக்கும், வேலைக்கு ஆகாது. டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இரண்டும் 'டக்' என்றுதான் விழும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 30 என்று எழுதிய ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்று தரம் அனுமதிக்கிறது. டால்சியல் ஆட்களை வைத்துச் சோதித்தபோது, பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற அளவு சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். அதாவது 20 மில்லியாம்பியரில் கை ஒட்டிக்கொண்டு, 26-இல் விழும் ஆர்சிசிபி சும்மா இருக்கும் நிலை நடைமுறையில் வரலாம். அமெரிக்காவில் வீட்டு சாக்கெட்டுகளுக்கு 4 முதல் 6 மில்லியாம்பியரில் விழும் கருவியை வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்த அளவை முழு வீட்டுக்கும் ஒரே கருவியில் வைத்தால் நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும், அதனால் அவர்கள் சாக்கெட்டுக்கு அருகிலோ அந்தந்த சர்க்யூட்டிலோ வைக்கிறார்கள். குளியலறைக்கு மட்டும் 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றைத் தனியாக வைப்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தவரை ஆர்சிசிபி காப்பாற்றாது. போனதும் வந்ததும் சமமாக இருக்கும். அவரும் ஒரு லோடுதான். ஓவர்லோடையும் அது பார்க்காது, அதற்கு எம்சிபி கூட இருக்க வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்காரருக்குத் தெரியாது, தாளில் இரண்டு வரி எழுதிவிட்டால் தெரிந்துவிடும்.

ஆர்சிசிபியால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு. அமெரிக்க வயரிங் விதிகளில் இந்தக் கருவி 1968-இல் நீச்சல் குளத்து விளக்குகளில் தொடங்கி, 1975-இல் குளியலறை சாக்கெட்டுகளுக்கு வந்து, படிப்படியாக மற்ற இடங்களுக்கும் பரவியது. வீட்டு மின்சாதனங்களால் இறப்பவர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு அங்கே வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் இரட்டை இன்சுலேஷன் கருவிகளும் மூன்று பின் பிளக்குகளும் பரவின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாப் பெருமையையும் ஒரே கருவிக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் அது எப்படிக் காப்பாற்றுகிறது என்பது கணக்கில் தெரிகிறது, கருவி வைத்து அளக்கவும் முடிகிறது. எனக்கு அது போதும்.

இனி உங்கள் உண்மையான குறைக்கு வருகிறேன். "சும்மா சும்மா விழுது சார்" என்று வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். நீங்கள் போகிறீர்கள், அரை மணி நேரம் பார்க்கிறீர்கள், காரணம் பிடிபடவில்லை. அடுத்த வேலைக்கு நேரமாகிறது. ஆர்சிசிபியைக் கழற்றி டைரக்ட் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். இல்லையென்றால் 30-ஐக் கழற்றி 100 மில்லியாம்பியர் மாட்டுகிறீர்கள். தீப்பிடிப்பதைத் தடுக்க 100-உம் 300-உம் உதவும், ஆளைக் காப்பாற்ற உதவாது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், அடுத்த முறையும் உங்களையே கூப்பிடுவார். ஆர்சிசிபி வேலைக்கு ஆகாது என்ற பேச்சு இப்படிப்பட்ட வீடுகளில்தான் பிறக்கிறது. நானும் ஒரு வீட்டில் இந்த டைரக்ட் இணைப்பைப் பார்த்தேன். பாக்ஸுக்குள் ஆர்சிசிபி அழகாக உட்கார்ந்திருந்தது, பச்சை ஸ்டிக்கரும் இருந்தது, வயர்தான் அதைத் தொடாமல் சுற்றிப் போயிருந்தது. வந்தவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு டெஸ்டரும் ஒரு கட்டிங் பிளேயரும்தான், அதை வைத்து இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஆனால் சும்மா விழும் ஆர்சிசிபி பெரும்பாலும் சும்மா விழுவதில்லை. எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் விழுகிறதா? அப்படியானால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஒற்றை முனை எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். நியூட்ரல் பாரில் இருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றினால் குற்றவாளி தெரிந்துவிடும். சாக்கெட் பெட்டியில் திருகு இறங்கி நியூட்ரல் வயரின் தோலைக் கிழித்திருக்கும், அல்லது யாரோ எர்த் வயரையே நியூட்ரலாகப் பயன்படுத்தியிருப்பார்கள். இரண்டாவது செயலுக்குக் கோளாறு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலை இழுத்திருந்தாலும் விழும். பேஸ் ஒரு ஆர்சிசிபி வழியாகப் போய் நியூட்ரல் இன்னொன்றின் வழியாகத் திரும்பினால் இரண்டுக்குமே கணக்கு இடிக்கும். இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது: பேஸை ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்து, நியூட்ரலை அதற்குப் பின்னால் சேர்த்துவிடுவார்கள். இன்வெர்ட்டரில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் நின்று பேட்டரியில் ஓடும்போது, மெயினில் இருக்கும் ஆர்சிசிபியால் எதையும் துண்டிக்க முடியாது. அது விழுந்தாலும் இன்வெர்ட்டர் ஷாக்கைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். இன்வெர்ட்டரின் வெளியீட்டுக்குத் தனி ஆர்சிசிபி வேண்டும், அப்போது நியூட்ரல் எர்த்தோடு தொடர்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு "முழு வீட்டுக்கும் பாதுகாப்பு" என்று சொல்வது சரியல்ல.

மூன்றாவது காரணம் யாருடைய தவறும் இல்லை. கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், எல்ஈடி டிரைவர் என்று எலெக்ட்ரானிக் சாதனங்கள் பலவற்றில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு கப்பாசிட்டர் எர்த்துக்கு இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கசியும், வீடு முழுவதும் சேர்ந்தால் கணிசமாகிவிடும். இந்த நிரந்தரக் கசிவு ஆர்சிசிபி மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. 30 மில்லியாம்பியருக்கு 9. ஏற்கெனவே 14 கசியும் வீட்டில் மழை நாளில் ஹீட்டரின் காயில் கொஞ்சம் ஈரம் வாங்கினால் விழாமல் என்ன செய்யும்? முழு வீட்டுக்கும் ஒரே ஒரு ஆர்சிசிபி வைத்துவிட்டு அது விழுகிறது என்று அதன் மேல் கோபப்படுவது நியாயமா? இரண்டு மூன்றாகப் பிரித்தால், அல்லது ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஆர்சிபிஓ வைத்தால், கசிவும் பிரிந்துவிடும், விழுந்தால் வீடு முழுக்க இருட்டாகவும் ஆகாது. கசிவை அளக்கத் தனி கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் மில்லியாம்பியரில் காட்டும். நூறு ஆம்பியர் காட்டும் சாதாரண கிளாம்ப் இதற்கு உதவாது. இந்த ஒரு மீட்டர் உங்கள் பையில் இருந்தால், டைரக்ட் கொடுக்கும் பழக்கமே பாதி குறைந்துவிடும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஆர்சிசிபியின் வகையைப் பற்றியும் சுருக்கமாக. ஏசி வகை சுத்தமான அலை வடிவக் கசிவை மட்டும்தான் பார்க்கும். இன்றைய சாதனங்களில் கோளாறு வந்தால் பாதி அலையாக வெட்டுப்பட்ட கரண்டும் கசியும், அதற்கு ஏ வகை வேண்டும். ஜெர்மனியில் ஏசி வகையை ஏற்பதே இல்லை. மின்வாகன சார்ஜரும் சில சோலார் இன்வெர்ட்டர்களும் வழவழப்பான டிசி கசிவைக் கொடுக்கக்கூடியவை. 6 மில்லியாம்பியருக்கு மேல் அப்படிக் கசிந்தால் ஏ வகையின் உள்ளிருக்கும் காந்த வளையமே மந்தமாகிவிடலாம். அப்போது ஹீட்டரில் கோளாறு வந்தாலும் அது பேசாமல் இருக்கும். சார்ஜர் வைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். முகப்பில் ஒரு சிறு அலைக்குறி அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் போதும். எலெக்ட்ரானிக் வகை ஆர்சிசிபிக்கு வேலை செய்ய மெயின் வோல்டேஜ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வெளியில் நியூட்ரல் அறுந்தால் அது செத்துவிடும், ஆனால் பேஸ் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது கட்சியிடம் எனக்குப் பாதி சம்மதம்தான். ஆர்க்கைக் கண்டுபிடிக்கும் ஏஎஃப்டிடி கருவியின் யோசனை நல்லது. லூசான கனெக்ஷனில் பொறி பறக்கும்போது எம்சிபியும் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும், ஏனென்றால் கரண்ட் கூடவும் இல்லை, எர்த்துக்குப் போகவும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இது வந்தது. அமெரிக்காவில் 1999 விதிகளில் படுக்கையறைகளுக்கு என்று எழுதி 2002 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62606 வெளியானது 2013-இல். பிரிட்டன் 2022-இல் உயரமான குடியிருப்புகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் போன்றவற்றின் சாக்கெட்டுகளுக்குக் கட்டாயமாக்கியது. சந்தேகப்படுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. திருகு லூசாகிப் பொறியே இல்லாமல் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும் கனெக்ஷனை இந்தக் கருவி பார்க்காமல் விடலாம், வீட்டுத் தீயில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. நிஜமான ஆர்க்கை உண்டாக்கிச் சோதிக்கும் மீட்டரை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகவும் முடியாது. கருவி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு 'நலம்' என்று விளக்கைக் காட்டும், நாம் நம்ப வேண்டும். அதனால் கை அளவான பட்ஜெட்டில் முதல் இடம் இதற்கு இல்லை. டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கி, எம்சிபியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்குத் திருகை இறுக்குங்கள். லூசு கனெக்ஷனே உருவாகாமல் தடுப்பது அதுதான்.

சர்ஜ் தடுப்பானில் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்: அதன் வயர் நீளம். மின்னல் அலை மைக்ரோசெகண்டுக்கு ஒரு கிலோஆம்பியர் வேகத்தில் ஏறும்போது ஒரு மீட்டர் வயரிலேயே சுமார் 1000 வோல்ட் நிற்கும். கருவி என்ன நல்லதானாலும் ஒன்றரை மீட்டர் வயரைச் சுருட்டி மாட்டினால் அந்த 1500 வோல்ட்டும் டிவிக்குத்தான் போகும். மொத்தம் அரை மீட்டருக்குள் வைக்கச் சொல்கிறார்கள். பாக்ஸைத் திறந்தால் நான் காண்பது பெரும்பாலும் அழகாக வளைத்த நீளமான வயர். நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரை ஏறினால் இந்தக் கருவியால் தாங்க முடியாது, அது நொடிக்கும் குறைவான அலைக்காகச் செய்தது. அந்த ஆபத்துக்கு வோல்டேஜ் பார்த்துத் துண்டிக்கும் ரிலே தனியாக வேண்டும்.

இப்போது தாளுக்கு வருவோம். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டரில்) இன்சுலேஷன் 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாதனங்களைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த் தொடர்ச்சியும் பேஸ் நியூட்ரல் இடமும் பார்த்திருக்க வேண்டும். தூரத்து சாக்கெட்டில் லூப் தடை. ஆர்சிசிபியில் நான்கு எண்கள்: 15 மில்லியாம்பியரில் விழாமல் நின்றதா, 30-இல் 300 மில்லிசெகண்டுக்குள் விழுந்ததா, 150-இல் 40 மில்லிசெகண்டுக்குள் விழுந்ததா, வீட்டுச் சாதனங்கள் எல்லாம் இணைந்திருக்கும்போது கசிவு எவ்வளவு. அவ்வளவுதான். பெரிய வீட்டுக்கும் ஒரு காலை வேலை போதும்.

மீட்டருக்குச் செலவாகும், வீட்டுக்காரர் அதற்குப் பணம் தர மாட்டார் என்று சொல்வீர்கள். உண்மைதான், கேட்காதவரை தர மாட்டார். அவருக்குத் தாள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு டெஸ்டர் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு தொகையாகப் பில்லில் தனி வரியில் போடலாம். தரும் காசுக்கு எதிரே எண்ணெழுதிய தாள் கையில் வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தவிர, ஆறு மாதம் கழித்து ஏதாவது நடந்து "வயரிங் பண்ணியவன் சரியில்லை" என்று பேச்சு வரும்போது, வேலையை முடித்த நாளில் எல்லாம் சரியாக இருந்தது என்று காட்ட உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

எர்த் வயரே இல்லாத பழைய வீடுகளைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். அங்கேயும் ஆர்சிசிபி வேலை செய்யும், ஆனால் ஆள் தொட்ட பிறகுதான் விழும். எர்த் இழுக்கும்வரை அதையாவது மாட்டிவிட்டு, தாளில் 'எர்த் இல்லை' என்று பெரிதாக எழுதுங்கள். எண்கள் மோசமாக இருந்தாலும் எழுதுங்கள். அடுத்து வருபவர் எங்கே தொடங்குவது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

டெஸ்ட் பட்டனை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் காட்டிக்கொடுங்கள். அது நேரத்தை அளக்காது, எர்த்தைப் பார்க்காது. ஆனால் பல வருடம் அசையாமல் இருந்த உள் இயக்கம் இறுகிப்போகாமல் இருக்க அந்த அழுத்தல் உதவும்.

மேற்பார்வையாளர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் படிவத்தில் ஆர்சிசிபி 'உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை அடித்துவிட்டு '150 மில்லியாம்பியரில் எத்தனை மில்லிசெகண்ட்' என்று போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் வயரிங் செய்த வீடுகளில் குடியிருப்பவர்களில் ஒருவன்